வைரவன் சாரின் மௌனமும் ஒரு வீடியோ விசாரணையும்

நீதிமன்ற அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் என் கட்சிக்காரர் நாசர் தெரிந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். டிவிக்கு எதிரே எதிர்த்தரப்பு வக்கீல் வைரவன் சார், கறுப்பு அங்கியின் ஓரத்தை இடது கையால் பிடித்தபடி, அவரும் அசையாமல் நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு இல்லை.

நீதிபதி டிவியைப் பார்த்தார். பிறகு வைரவன் சாரைப் பார்த்தார். மறுபடியும் டிவியைப் பார்த்தார்.

“ஏம்மா பிரேமா, லைன் தொங்கிடுச்சா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

நீதிமன்றக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பிரேமா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “இல்லைங்கய்யா. அவருக்குப் பின்னாடி திரைச்சீலை ஆடுது பாருங்க” என்றார்.

ஆடத்தான் செய்தது.

எந்த ஊர் நீதிமன்றம் என்று நான் எழுதப்போவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படாது. இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியில் வைரவன் சாரின் பெயர் ஒரு வரியில் வந்துபோனது. அதைப் படித்துவிட்டு எங்கள் வக்கீல் சங்கத்தில் சிலர், “அவரை ஒரு வரியில முடிச்சா எப்படி?” என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான்.

ஆயுதம்

குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு வக்கீலுக்கும் ஒரு முறை உண்டு. சிலர் மேசையைத் தட்டுவார்கள். சிலர் தேன் ஒழுகப் பேசுவார்கள். வைரவன் சார் கேள்வி கேட்பார், சாட்சி பதில் சொல்வார், அதன் பிறகு வைரவன் சார் ஒன்றுமே சொல்ல மாட்டார். சாட்சியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். கூண்டில் நிற்பவருக்குத்தான் அதன் கனம் புரியும். மனிதன் மௌனத்தைத் தாங்க மாட்டான். எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பான். நிரப்பும்போது உண்மையும் சேர்ந்து விழுந்துவிடும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கு. அன்னவாசல் பக்கத்துச் சாட்சி, நிலா வெளிச்சத்தில் திருடனைக் கண்ணால் பார்த்தேன் என்று அழுத்தமாகச் சொன்னார். வைரவன் சார் அவரைப் பார்த்தபடி நின்றார்.

“நல்ல நிலாங்க,” என்றார் சாட்சி.

மௌனம்.

“ரொம்ப நல்ல நிலான்னு சொல்ல முடியாது. மேகம் இருந்துச்சு.”

மௌனம்.

“ஆளு அந்தப் பக்கமாத் திரும்பி நின்னான்.”

மௌனம்.

“நான் அப்பத் தூங்கிட்டுத்தாங்க இருந்தேன்.”

வைரவன் சார் நீதிபதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் மௌனத்தில் இருக்கும்போது அறையில் யாரும் அசையக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்தது. தாள் புரட்ட மாட்டோம். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வோம். எதிர்த்தரப்பு வக்கீல்கூட பேனாவை மூட மாட்டார். அது ஒரு மரியாதை. இந்த மரியாதைதான் பின்னால் விபரீதமாகப் போனது.

எதிர்ப்புடன் ஒப்புக்கொள்கிறேன்

இனிமேல் வழக்குகளை ஆன்லைனில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சங்கக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் நல்லவர். வக்கீல்களுக்கு இதுவரை எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டுட்டு ‘ஐ அக்ரி’ன்னு அமுக்குங்க” என்றார்.

“எதுக்கு அக்ரி?” என்றார் வைரவன் சார்.

“நிபந்தனைகளுக்கு சார்.”

“என்ன நிபந்தனை?”

“அது யாரும் படிக்க மாட்டாங்க சார். சும்மா அமுக்கிருங்க.”

அறையில் ஒரு முனகல் எழுந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுபவர்களை வைத்துத்தான் எங்களில் பாதிப் பேர் பிழைக்கிறோம். வைரவன் சார் நிபந்தனைகளை முழுவதும் அச்சிட்டுக் கேட்டார். மறுநாள் வகுப்புக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே சிவப்பு மையில் மறுப்பு எழுதி, கடைசியில் ‘எதிர்ப்புடன் ஒப்புக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திட்டிருந்தார்.

“இதை எங்க தாக்கல் பண்றது தம்பி?”

அந்த இளைஞர் தண்ணீர் குடித்தார்.

அடுத்த சோதனை ஓடிபி. பதிவு செய்யும்போது கைப்பேசிக்கு ஓர் எண் வரும், உடனே அதைப் போட வேண்டும். ஆனால் நீதிமன்ற அறைக்குள் கைப்பேசியை அணைத்து வைப்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். நாங்கள் அறைக்குள் இருக்கும்போது குமாஸ்தா வெளியே கணினியில் பதிவு செய்வார். எண் அணைந்த கைப்பேசிக்கு வரும், காலாவதியாகும். வைரவன் சார் இதற்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றை உண்மையாகவே தயாரித்துவிட்டார். ‘மனுதாரரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால்’ என்று தொடங்கும். யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் அது அவர் பையிலேயே இருந்தது.

அவரை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஒவ்வொரு திரையையும் அச்சிட்டு, துளையிட்டு, கட்டிவைத்தவள் நான். காகிதத்தை ஒழிக்க வந்த திட்டத்தால் என் அலுவலகத்தில் ஓர் அலமாரி கூடுதலாக வந்தது.

தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வழக்கு நடத்தியபோது இன்னொரு சிக்கல். நீதிபதி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். திரையில் நீதிபதி முகம் வந்ததும் வைரவன் சார் எழுந்துவிடுவார். சிக்னல் போய் முகம் மறையும், உட்காருவார். முகம் வரும், எழுவார். அங்கிக்குக் கீழே கட்டம் போட்ட கைலி ஏறி ஏறி இறங்குவதை ஒரு காலை முழுக்கப் பார்த்தோம். கடைசியில் நீதிபதி, “வைரவன் சார், உங்க மரியாதை வந்து சேர்ந்திருச்சு. தயவுசெய்து உட்காருங்க” என்றார்.

நாசரின் பாதை

இப்போது நாசர் விஷயத்துக்கு வருகிறேன்.

நாசருக்கு மணமேல்குடி. வளைகுடாவில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. அந்தச் சம்பாத்தியத்தில் ஊரில் மனை வாங்கி வீடு கட்டினார். தெருவிலிருந்து வீட்டுக்கு வர ஒரு பாதை உண்டு, அதுவும் அவர் கிரயத்தில் சேர்ந்தது. பாதையை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் செல்லையாவின் இடம். ஒரு நாள் செல்லையா, பாதையும் தன்னுடையதுதான் என்று சொல்லி முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். நாசரின் மனைவி ஜரீனா அன்றிலிருந்து பின்பக்கத் தென்னந்தோப்பு வழியாகத்தான் போய் வந்தார். மழை பெய்தால் முழங்கால் சேறு. தோப்புக்காரர் மனம் மாறினால் அதுவும் போச்சு.

பாதை தங்களுடையது என்று வழக்குப் போட்டோம். மனையை விற்றவர் இறந்துபோயிருந்தார். எல்லை காட்டி அளந்து கொடுத்தபோது உடன் நின்றவர் நாசர் மட்டும். ஜரீனாவுக்கு அவர் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் நாசர் கண்ணால் பார்த்ததை ஜரீனா சாட்சியாகச் சொல்ல முடியாது. நாசருக்கோ விடுப்பு கிடைக்கவில்லை. வாய்தாமேல் வாய்தா வாங்கினேன். “இனி வாய்தா இல்லை. சாட்சி வரலைன்னா வழக்கைத் தள்ளுபடி பண்ணிருவேன்” என்று நீதிபதி சொல்லிவிட்டார். தள்ளுபடியானால் அந்த வீட்டுக்கு வாசல் இருக்கும், வழி இருக்காது.

காணொளியில் சாட்சி சொல்ல அனுமதி கேட்டு மனுப் போட்டேன். வைரவன் சார் கடுமையாக எதிர்த்தார். சாட்சியின் முகபாவத்தை நேரில் பார்க்காமல் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பது அவர் வாதம்.

“கூண்டுல நின்னா இங்கேருந்து மூக்கு மட்டுந்தான் தெரியுது,” என்றார் நீதிபதி. “டிவியில முழு முகமும் தெரியும்.”

அனுமதி கிடைத்தது. நாசர் அங்குள்ள நம் தூதரகத்தில், தமிழ் தெரிந்த ஓர் அலுவலரின் பக்கத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்கு இரண்டு பயங்கள். ஒன்று, நாசர் ஓயாமல் பேசுபவர். மற்றது, பெரியவர்கள் என்ன சொன்னாலும் ‘நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்’ என்று தலையாட்டுபவர். வைரவன் சாரின் மௌனத்துக்கு இதைவிடக் கொழுத்த இரை கிடைக்காது.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு விளக்கினேன்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க நாசர். கூட ஒரு வார்த்தை வேண்டாம்.”

“சரிங்க வக்கீலம்மா.”

“உண்மைக்கு மாறா அவர் ஏதாவது சொன்னா, ‘சரியல்ல’ன்னு சொல்லணும்.”

“மொகத்துக்கு நேரா எப்படிங்க? வயசானவரு வேற.”

“கோர்ட்டுல அது மரியாதைக் குறைவு இல்ல.”

“ஒங்களுக்குப் பழகிப்போச்சு. எங்க வாப்பா கேட்டிருந்தா அடிச்சிருப்பாரு.”

உறைந்த படம்

அன்று நாசர் நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ‘சரியல்ல’வுக்கும் முன்னால் கொஞ்சம் நெளிந்தார், ஆனாலும் சொன்னார். செல்லையா கடைசி பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஜரீனா சுவரோரமாக நின்றிருந்தார்.

வைரவன் சார் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால் வலை வீசுகிறார் என்று அர்த்தம்.

“அது உங்க பாதைன்னு நீங்கதான் சொல்றீங்க. உங்களைத் தவிர ஊர்ல வேற யாராச்சும் அதை ஒத்துக்கிட்டது உண்டா?”

“உண்டுங்க,” என்றார் நாசர். நான் சொல்லிக்கொடுத்தபடி அதோடு நிறுத்திக்கொண்டார்.

வைரவன் சார் மௌனமானார்.

வழக்கப்படி அறை முழுவதும் உறைந்தது. தட்டச்சர் விரலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். நான் பேனாவை மூடவில்லை. அப்போதுதான் நீதிபதி பிரேமாவிடம், லைன் தொங்கிடுச்சா என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் அசையாமல் இருந்தார். நாசருக்கு எதிரே இருந்த திரையில் தெரிந்ததெல்லாம் வைரவன் சாரும் அவருக்குப் பின்னால் சில வக்கீல்களும்தான். நானும் பிரேமாவும் அந்தப் படத்தில் வரவில்லை. தெரிந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. நீதிபதியின் தணிந்த குரலும் மைக்கில் விழவில்லை.

நாசர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

“லைன் போயிருச்சுங்க சார்,” என்று பக்கத்தில் இருந்த அலுவலரிடம் சொன்னார். “அங்கிட்டு எல்லாரும் போட்டோ மாதிரி நிக்கிறாங்க பாருங்க.”

“கொஞ்சம் இருங்க, வந்துரும்,” என்றது திரைக்கு வெளியே ஒரு குரல்.

பிரேமா மைக்கை நோக்கிக் குனிந்தார். நானும் பாதி எழுந்தேன். அதற்குள் வைரவன் சார் உடம்பை அசைக்காமல், வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினார். இருக்கட்டும், அவன் பேசட்டும் என்று அர்த்தம். அவருக்கு வேண்டியது நடக்கத் தொடங்கிவிட்டது. நீதிபதி அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். குறுக்கு விசாரணை நடக்கும்போது என் சாட்சியை நான் எச்சரிக்க முடியாது. உட்கார்ந்தேன்.

“அந்தப் பெரியவரைப் பாத்தா பாவமா இருக்குங்க,” என்றார் நாசர். “அவரு சொல்றதுக்கெல்லாம் சரியல்ல, சரியல்லன்னு அடிச்சுப் பேச வேண்டியிருக்கு. எங்க வக்கீலம்மா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க.”

எனக்குப் பின்னால் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். வைரவன் சாரின் முதுகுக்குப் பின்னால் இருந்த கை, மகிழ்ச்சியில் லேசாக ஆடியது. இன்னும் ஒரு வாக்கியம், ‘அவரு சொல்றதும் சரிதான்’ என்று மட்டும் நாசர் சொல்லிவிட்டால், பாதை போய்விடும். ஜரீனா சுவரில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றார்.

“யாராச்சும் ஒத்துக்கிட்டாங்களான்னு கேட்டாருல்ல? உண்டுன்னு மட்டும் சொன்னேன். யாருன்னு கேக்கலை, நானும் சொல்லலை. கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லணுமாம்.” நாசர் சிரித்தார். “வேற யாரும் இல்லைங்க, கேஸ்ல எதுத்து நிக்கிறாரே, செல்லையாண்ணன், அவரேதான்! அவரு மக கல்யாணத்துக்குப் பந்தல் போட எடம் பத்தலை. அப்ப நான் லீவுல வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, ‘தம்பி, ஒங்க பாதையைக் கல்யாணம் முடியிற வரைக்கும் குடுப்பா’ன்னு கேட்டாரு. எங்க வாசப்படி வரைக்கும் பந்தல். நாங்க பந்தலுக்குள்ள பூந்து பூந்துதான் வீட்டுக்குப் போனோம்.”

இந்தக் கதையை நாசர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்கவில்லை.

வைரவன் சாரின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தது.

“ஐயா, இது சாட்சியம் ஆகாது. சாட்சி வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.”

“உங்க கேள்வி நிலுவையில இருந்துச்சு,” என்றார் நீதிபதி. “பதிலுக்காகக் காத்திருந்தீங்க. பேசட்டும்னு கையும் காட்டினீங்க. பதில் வந்திருச்சு.” தட்டச்சரைப் பார்த்தார். “பதிவு பண்ணுங்க.”

அதுவரை நடந்ததை வைரவன் சார் சமாளித்திருப்பார். ஆனால் கடைசி பெஞ்சில் அவருடைய கட்சிக்காரர் எழுந்துவிட்டார்.

“பந்தலுக்குத்தாங்கய்யா கேட்டேன்! எழுதியா குடுத்தேன்?”

“யாரது?” என்றார் நீதிபதி.

“பிரதிவாதிங்க” என்றார் பிரேமா.

வைரவன் சார் கண்களை மூடிக்கொண்டார். இத்தனை வருடங்களில் அவர் மௌனத்துக்கு அவருடைய சொந்தக் கட்சிக்காரரே விழுந்தது அன்றுதான்.

திரையில் எல்லோரும் அசையத் தொடங்கியதும் நாசர் நிமிர்ந்தார். “லைன் வந்திருச்சு!” என்று பொத்தானைப் போட்டவர், கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் வந்த உருவத்தைப் பார்த்துவிட்டார். “செல்லையாண்ணே! நல்லா இருக்கீங்களா? மக எப்படி இருக்கு?”

செல்லையா டிவியைப் பார்த்து, “இப்ப மட்டும் கேளு. ஊருக்கு வந்துட்டு எட்டிப் பாக்காமப் போனவன்தானே நீ?” என்றார்.

“அய்யோ, வந்தேன்ணே. வீடு பூட்டியிருந்துச்சு. மருமகன் வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க.”

“என்கிட்ட யாரும் சொல்லலையே.”

“சொல்லிட்டுப் போகலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள கம்பி போட்டுட்டீங்க.”

“இது கோர்ட்டு,” என்றார் நீதிபதி. “வீட்டு வீடியோ கால் இல்ல.” ஆனால் லைனை அணைக்கச் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். “வக்கீல்கள் ரெண்டு பேரும் வெளியே போய்ப் பேசிட்டு வாங்க. இது சமாதானமாப் போற வழக்கு மாதிரி தெரியுது.”

வராந்தாவில்

வராந்தாவில் வைரவன் சார் அங்கியைக் கழற்றி மடித்தார்.

“ஏம்மா தனம், அவன் பயப்படவே இல்லையே.”

“லைன் இல்லைன்னு நெனச்சுட்டாரு சார்.”

“நான் அங்கதானே நின்னேன்?”

“நின்னீங்க. அதுதான் பிரச்சினை.”

யோசித்தார். “அப்ப மௌனமா இருக்கும்போது லைன் இருக்குன்னு சாட்சிக்கு எப்படித் தெரியவைக்கிறது?”

“லேசா அசைங்க சார். பேனாவை ஆட்டுங்க.”

அவர் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். பிறகு வந்த ஒரு காணொளி விசாரணையில் அவர் மௌனமாக நின்று, பேனாவை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். திரையில் இருந்த பொன்னமராவதிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஐயா, என்னைத் தள்ளி உக்காரச் சொல்றீங்களா?” என்று கேட்டு, நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து திரையை விட்டே வெளியே போய்விட்டார்.

நாசர் வழக்கு சமாதானத்தில் முடிந்தது. பாதை நாசருடையது என்று செல்லையா எழுதிக் கொடுத்தார். விசேஷ நாட்களில் பந்தல் போடக் கேட்டால் மறுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னார். நாசர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தச் சமாதான மனுவை ஆன்லைனில் ஏற்றும்போது ‘ஐ அக்ரி’ கட்டம் வந்தது. வைரவன் சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிக்காமலே அமுக்கினார்.

கம்பி எடுத்த சில நாட்களில் ஜரீனா கூப்பிட்டார்.

“வக்கீலம்மா, இன்னைக்குக் காலையில மீன்காரம்மா வண்டியோட வாசல்லயே வந்து நின்னு கூவுச்சு. கம்பி போட்டதுக்கப்புறம் அது இங்கிட்டு வந்ததே இல்ல.”

“வாங்குனீங்களா?”

“வீட்டுல நேத்து வாங்குன மீனே கெடக்குங்க. வேணாம்னுதான் சொல்ல வந்தேன். அது அங்கேருந்து பாதையிலயே வண்டியை ஓட்டிட்டு வருதே, அதைப் பாத்துட்டு எப்படிங்க வேணாம்னு சொல்றது?”